குழம்புக்குச் செம்பிலாங்கா, டூரியா?

போன சனிக்கிழமை இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த் காலைச் சந்தையில் செம்பிலாங், டூரி என்ற இரண்டு மீன்களும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் கிடந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டுமே கெளுத்திதான். டூரி விலை குறைவு. ஆனாலும் நான் செம்பிலாங்கைத்தான் எடுத்தேன்.

பார்த்ததும் பிரித்துவிடலாம். டூரியின் வால் இரண்டாகப் பிளந்திருக்கும். மீசை பெரும்பாலும் மூன்று ஜோடி. செம்பிலாங்குக்கு நான்கு ஜோடி. உடம்பு விலாங்கு மாதிரி கூம்பிக்கொண்டே போய், பின்துடுப்பும் வாலும் அடித்துடுப்பும் ஒரே விளிம்பாகச் சேர்ந்துவிடும். செதில் இரண்டுக்கும் கிடையாது. சாம்பல் நிறச் செம்பிலாங் 150 செ.மீ. வரை வளரும் மீன், கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டுப் பக்கமும் கிடைப்பது. வெள்ளைக் கோடு போட்ட சின்ன ரகம் வேறு. அதைப் பற்றி நான் சொல்லவில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது தலைதான். டூரியின் தலைமேல் ஓடு மாதிரி கெட்டியான எலும்பு இருக்கிறது. கத்தி இறங்காது, மீன்காரர் கட்டையால் தட்டித்தான் பிளப்பார். அந்த எடைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். தலை, குடல் எல்லாம் போன பிறகு சட்டியில் விழும் துண்டுகளைப் பார்த்தால், மலிவாக வாங்கியது அவ்வளவு மலிவில்லை என்று தெரியும். செம்பிலாங்கில் வால் நுனி வரை சதை. நடுமுள்ளை உருவினால் பிள்ளைகளுக்கு அப்படியே ஊட்டலாம். புளிக்குழம்பில் துண்டு உடையாமல் நிற்கிறது, தோலடிக் கொழுப்பு குழம்பின் மேல் மினுங்குகிறது. மறுநாள் காலை அதே குழம்பு இட்லிக்கு இன்னும் பிரமாதம்.

சரி, முள். இரண்டிலுமே முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று ரம்பப்பல் முள், மூன்றிலும் நஞ்சு. செம்பிலாங்கின் குத்து ரொம்பக் கடுமை. இரண்டு வருடத்துக்கு முன்பு வீட்டில் நானே ஆய்ந்தபோது கட்டைவிரலில் ஏறியது. மீன் செத்து வெகுநேரம் ஆகியும் முழங்கை வரை எரிந்தது. பொறுக்கும் அளவு வெந்நீரில் கையை வைத்த பிறகுதான் வலி அடங்கியது; சூட்டில் அந்த நஞ்சு கெட்டுவிடும். முள் நுனி உள்ளே முறிந்திருந்தால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். இப்போதெல்லாம், “அண்ணே, மூணு முள்ளையும் வெட்டிட்டுத் தாங்க” என்று கடையிலேயே சொல்லிவிடுகிறேன். வழவழப்புப் போகக் கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்த்தால் போதும்.

டூரி ஜெயிக்கும் இடம் சினை. முட்டை ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. கடலில் ஆண் மீன் அவற்றை வாயிலேயே வைத்து அடைகாக்கும். சினையோடு கிடைத்தால் நானும் டூரியை எடுப்பேன். டூரியில் அசாம் பெடாஸ் (மலாய்க்காரர்களின் புளிப்பும் காரமுமான மீன் குழம்பு) இரண்டு முறைதான் வைத்திருக்கிறேன், இரண்டு முறையும் நன்றாகவே வந்தது. ஆனால் வெந்தயம் தாளித்த நம் புளிக்குழம்புக்கு என் கை செம்பிலாங்குக்குத்தான் போகிறது.