கத்திப் பட்டறைச் சாதனங்கள்: நீண்ட நாள் உழைப்பில் எது நின்றது, எது தேய்ந்தது

சிறிய கத்திப் பட்டறை தொடங்குபவர்கள் கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதியைப் பட்டறைக்கல்லில் (சூடான இரும்பை வைத்து அடிக்கும் எஃகுக் கட்டையில்) போட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தபின் கணக்குப் பார்த்தால், கல் ஒருமுறைச் செலவோடு நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்பக் காசு கேட்பவை கிரைண்டரின் தேய்ப்பு பெல்ட், மாஸ்க் ஃபில்டர், உலையின் உள்பூச்சு ஆகிய மூன்றும்தான். இவற்றில் கஞ்சத்தனம் காட்டினால் கத்தியும் கெடும், உடம்பும் கெடும்.

கல்லுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 50 கிலோ எடை கத்தி வேலைக்குப் போதும். எஃகுக் குண்டு ஒன்றை மேலிருந்து போட்டால், விழுந்த உயரத்தில் முக்கால் பங்காவது துள்ளி எழ வேண்டும். நின்றபடி கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் முட்டி படும் உயரத்தில் கல்லின் முகம் இருக்கட்டும். அடிக்கும்போது காதைத் துளைக்கும் ஒலிக்கு வால் பக்கத்தில் ஒரு பெரிய காந்தத்தை ஒட்டினால் பாதி அடங்கும். மீதிக்குக் காதடைப்பான் போட்டே ஆக வேண்டும்.

கேஸ் உலைதான் உண்மையான சோதனை. 25 மி.மீ. செராமிக் ஃபைபர் போர்வையை (வெப்பம் தாங்கும் இழைப் பஞ்சை) உலையின் உட்புறம் இரண்டு அடுக்காகச் சுற்றி, அப்படியே எரியவிட்டு வேலை செய்பவர்கள் உண்டு. முதல் நாளிலிருந்தே அது தவறு. மூடாத போர்வையிலிருந்து மெல்லிய இழைகள் பறந்து நுரையீரலுக்குள் போகும். நீண்ட நாள் உயர் வெப்பத்தில் கிடந்த போர்வையில் படிகச் சிலிக்காவும் உருவாகிறது. எனவே பழைய போர்வையைப் பிரித்தெடுக்கும் நாள்தான் மிக ஆபத்தானது. கூழ்ம சிலிக்காக் கரைசலைத் தெளித்து, உலரவைத்து, ஒருமுறை சுட்டு இறுக்கியபின், 5 மி.மீ. கனத்துக்குத் தீக்களிமண் பூச வேண்டும். பூச்சிலும் மெதுவாகத்தான் விரிசல் விழும். விழுந்த இடத்தை உடனே அடைத்தால் பூச்சு நெடுநாள் உழைக்கும். அடுக்குப் பற்றவைப்புக்கு (எஃகுத் தகடுகளைச் சூட்டில் அடித்து ஒன்றாக்குவதற்கு) வெண்காரம் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உருகிய வெண்காரம் போர்வையைச் சர்க்கரைபோலக் கரைத்துவிடும். உலைத் தரையில் உயர் அலுமினாத் தட்டைப் போட்டு, அது அரித்ததும் தட்டை மட்டும் மாற்றுவது மலிவு.

உலை வாயிலிருந்து நீண்ட சுடர் வெளியே வந்தால் காற்று போதவில்லை, கார்பன் மோனாக்சைடு கூடுகிறது என்று பொருள். ஆனால் செதிள் (சூட்டில் எஃகின் மேல் படியும் ஆக்சைடு ஓடு) குறைய வேண்டும் என்பதற்காகக் கொல்லர்கள் அந்தச் சுடரையே விரும்புவார்கள். அதனால் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. ஒரு பக்கம் காற்று உள்ளே வர, எதிர்ப்பக்கம் மேலே வெளியேற வழி வேண்டும். வீட்டுக் கார்பன் மோனாக்சைடு அலாரம் 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) அளவில் ஒரு மணி நேரம்கூடச் சத்தமின்றி இருக்கக்கூடும். எண்ணைத் திரையில் காட்டும் மீட்டரை மூச்சுவிடும் உயரத்தில் மாட்டுங்கள். அதன் சென்சாருக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் அச்சிட்ட காலாவதித் தேதியை யாரும் பார்ப்பதில்லை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே கேஸ் கசிவு அலாரம் தரையை ஒட்டியும், சிலிண்டர் கூரைக்கு வெளியிலும் இருக்கட்டும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீரால் பார்ப்பதோடு, ரப்பர் குழாயை வளைத்து வெடிப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

தோய்ச்சலுக்கு, அதாவது காய்ந்த எஃகைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவதற்கு, கனோலா எண்ணெய் 1084 என்ற கார்பன் எஃகு வகைக்கு நன்றாகவே வேலை செய்கிறது. 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, 815 டிகிரி அளவில் காய்ந்த கத்தி அலகை இறக்க வேண்டும். காந்தம் ஒட்டாமல் போவது 770 அளவிலேயே நடந்துவிடும். அங்கேயே நிறுத்தினால் கடினம் முழுதாக வராது, நிறம் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். 1095 என்ற எஃகு வகைக்கு இந்த எண்ணெயின் வேகம் போதாமல் போகலாம், அதற்கென்று விற்கும் வேகமான தோய்ச்சல் எண்ணெய் நல்லது. கனோலாவின் குறை நாள்பட்டபின்தான் தெரியும்: கெட்டியாகிப் பிசுபிசுக்கும், நாற்றமெடுக்கும். பழைய என்ஜின் ஆயிலின் புகை நஞ்சு, அதை விட்டுவிடுங்கள்.

எண்ணெய்ப் பாத்திரம் இரும்பில், அடி அகலமாக, மூடியோடு இருக்க வேண்டும். 10 லிட்டருக்குக் குறைந்தால் அடுத்தடுத்த அலகுகளில் எண்ணெய் சூடேறிவிடும். மேலே 10 செ.மீ. காலியாக விடுங்கள். அலகு பாதி மூழ்கி நிற்கும்போதுதான் எண்ணெய் பற்றுகிறது. தயங்காமல் முழுதும் இறக்கி, கருக்கு வாட்டத்தில் முன்னும் பின்னும் மட்டும் அசையுங்கள், பக்கவாட்டில் அசைத்தால் வளையும். தீப்பிடித்தால் மூடியைப் போடுவதுதான் வழி, தண்ணீர் கூடவே கூடாது. எண்ணெயில் ஈரம் சேர்ந்திருக்கிறதா என்று அறிய, ஒரு கரண்டி எடுத்துத் தனியே சூடாக்குங்கள்; படபடவென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது, பொங்கி வழியும். தோய்த்த அலகைத் தாமதிக்காமல் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை டெம்பர் செய்ய (மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்க) வேண்டும். சிறிய அவனில் வெப்பம் தாவித் தாவி ஏறும். மணல் நிரப்பிய தட்டில் அலகைப் புதைத்தால் நிதானப்படும்.

50க்கு 1830 மி.மீ. பெல்ட் கிரைண்டரில் மோட்டார் கடைசிவரை வந்துவிடும், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் முதலில் சாகும். காரணம், இரும்புத் தூள் உள்ளே போவது. தூள் புகாத மூடிய பெட்டியாகவே வாங்குங்கள். பெல்ட்டைக் கிழியும்வரை ஓட்டுவது சிக்கனமல்ல. மழுங்கிய பெல்ட் வெட்டாமல் உரசும், மெல்லிய கருக்கு நீலம் பாயும், டெம்பர் போய்விடும். தோய்ச்சலுக்குப் பிறகு கையுறையில்லாமல் தேய்த்து, விரல் சுட்டதும் தண்ணீரில் முக்குவதே சரியான அளவுகோல். இருப்பு பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டால் மடிப்பு விழும், அகலமான குழாயில் மாட்டுங்கள்.

தூளுக்குத் துணி மாஸ்க் பயனில்லை; பி100 (மிக நுண்ணிய தூளையும் தடுக்கும் தரம்) ஃபில்டர் போட்ட அரைமுக மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் ஒழுகும். கழற்றியதும் மூடிய டப்பாவில் வையுங்கள், தூசியில் தொங்கும் மாஸ்க்கின் உட்புறமே தூள் படிந்துவிடும். தீப்பொறி விழும் இடத்தில் தண்ணீர் வாளி நல்லதுதான், ஆனால் கைப்பிடி மரத்தூளும் எஃகுப் பொறியும் ஒரே தூசி உறிஞ்சியில் சேர்ந்தால் உள்ளேயே கனன்று, பட்டறை பூட்டியபின் பற்றும். அலுமினிய, டைட்டானியத் தூளையும் தனியாகவே பிரித்து வையுங்கள்; பற்றினால் தண்ணீர் நிலைமையை மோசமாக்கும்.

எல்லாரும் உலைக்குப் பயப்படுகிறார்கள், சுழலும் துணிச்சக்கரத்தால் மெருகேற்றும் பஃபிங் மெஷினுக்கு யாரும் பயப்படுவதில்லை. பட்டறையில் மிகக் கொடூரமானது அதுதான். துணிச்சக்கரம் கருக்கைக் கவ்வினால் கத்தியைக் கால் பக்கமோ வயிற்றுப் பக்கமோ வீசும். கருக்கு எப்போதும் சக்கரம் சுழன்று போகும் திசையை நோக்கியே இருக்கட்டும், மையத்துக்குக் கீழே மட்டும் பிடியுங்கள், கையுறை வேண்டாம். கூர் வைத்த கத்தியை அதில் காட்டாமல் கையால் மெருகேற்றுவதே எங்கள் பரிந்துரை. டிரில்லிங் மெஷினுக்கும் இதே கதை: கவ்விப் பிடிக்காத அலகு பிட்டோடு சேர்ந்து சுழலும்.

அடுக்கு எஃகில் கோலம் தெரிய வைக்கும் ஃபெரிக் குளோரைடு டப்பா, நன்றாக மூடியிருந்தாலும், அருகிலிருக்கும் அரம், பிட், பேரிங் எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். அதற்கு இடம் பட்டறைக்கு வெளியே.