ஏழு ஆண்டு வாட்ஸ்அப்: ஓர் அப்பளக் கூடத்து அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் ஒரு சிறிய அப்பளக் கூடத்தில் கணக்கு பார்க்கிறேன். உளுந்து மாவில் பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைந்து, இடித்து, உருண்டையாக்கிக் கொடுப்போம். பெண்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பளம் இட்டு, உலர்த்தி, எண்ணி அடுக்கிக் கொண்டுவந்து தருவார்கள். சிறு வணிகர்களுக்கென்று வாட்ஸ்அப் பிசினஸ் 2018-இல் வந்தது. அந்த வருடமே எங்கள் அண்ணாச்சி அதைக் கூடத்துப் போனில் ஏற்றச் சொல்லிவிட்டார். வேலைக்கு இதை நம்பலாமா என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இப்போதும் கேட்கிறார்கள். சேதி சொல்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கணக்கு வைப்பதற்கு மட்டும் இதை நம்பவே கூடாது.

எங்கள் தொழிலுக்கு வெயில்தான் முதல். ஆனி, ஆடியில் மேற்கு மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்தால் அப்பளம் உலராது. முன்பெல்லாம் அந்த மாதங்களில் பெண்கள் விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு கூடத்துக்கு வந்து, மாவு இல்லை என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இப்போது ஐந்தரை மணிக்கு வானத்தைப் பார்த்துவிட்டுக் குழுவில் ஒரு குரல் பதிவு போடுகிறேன். இன்று மாவு உண்டு, இல்லை, அல்லது பத்து மணிக்கு மேல் வாருங்கள். அவ்வளவுதான். அவர்கள் நடை மிச்சமாகிறது.

குரல் பதிவு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்களிடம் மாவு வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்தைவிடப் பேச்சுதான் வசதி. எழுபதை நெருங்கும் ஒரு மைனி ஒருநாள் அனுப்பியதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பலகையில் குழவி உருளும் சத்தம் நிற்கவே இல்லை. அதற்கு நடுவே, இன்றைக்கு உருண்டை இளகலாக இருக்கிறது, ஓரம் பிய்கிறது, பார்த்துக்கொள் என்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டாவது ஈடு மாவுக்கும் அதே அளவில் தண்ணீர் ஊற்றப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஈடு தப்பியது. நாற்பது வருடம் அப்பளம் இட்ட கை சொல்லும் தீர்ப்பு, கை வேலையை விடாமலே கூடத்துக்கு வந்துசேர்கிறது. இந்த ஒன்றுக்காகவே எனக்கு வாட்ஸ்அப் மீது மரியாதை உண்டு.

ஆனால் குரலில் சொன்னதைப் பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு. போன மாதம் யார் எத்தனை உருண்டை வாங்கினார் என்று ஒவ்வொரு பதிவாகத் திறந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எண்ணிக்கை என்றால் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்.

கடைகளுக்கு விலைப்பட்டியல் அனுப்பப் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பட்டியல், வைத்திருக்கிறோம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். இது தெரியாமல் மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தேன். தென்காசிப் பக்கம் பல கடைகளுக்கு ஒன்றுமே போகவில்லை. இப்போது புதிய கடையில் சரக்கு இறக்கும்போதே, எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளும்படி பையன் சொல்லிவிட்டு வருகிறான்.

எனக்கு ஆறாத வருத்தம் 2023 ஆவணியில் நடந்தது. முகூர்த்த நேரம். ஒரு கடையிலிருந்து மிளகு அப்பளம் நாற்பது கட்டு வேண்டுமென்று செய்தி வந்தது. நான்கு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்து இட்டுவிட்டோம். மறுநாள் திறந்து பார்த்தால், செய்தி இருந்த இடத்தில் அது நீக்கப்பட்டது என்ற ஒரு வரிதான் இருக்கிறது. கேட்டதற்கு, அப்படி ஓர் ஆர்டரே போடவில்லை என்றார்கள். அனுப்பிய செய்தியை எல்லார் போனிலிருந்தும் அழிக்கும் இந்த வசதி 2017-இல் வந்தபோது அனுப்பியவருக்கு ஏழு நிமிடம்தான் அவகாசம் இருந்தது. 2022-இல் அதை இரண்டு நாளுக்கும் சற்று மேலாக நீட்டிவிட்டார்கள். பிறகு 2023 மே மாதத்திலிருந்து, அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தவும் முடிகிறது. இரண்டு பேர் பேசிக்கொள்ள இவை நல்ல வசதிகளாக இருக்கலாம். கூலிக்கு இடுகிற பெண்ணின் உழைப்பு அந்தச் செய்தியை நம்பி நிற்கும்போது இது அநியாயம். கூலியை அண்ணாச்சி கொடுத்துவிட்டார், நட்டம் கூடத்துக்கு.

அன்றிலிருந்து எந்த ஆர்டர் வந்தாலும் சரக்கு, அளவு, தேதி மூன்றையும் எங்கள் பக்கமிருந்து திரும்ப எழுதி அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகுதான் மாவு பிசைகிறோம். நாங்கள் எழுதியதை அவர்களால் அழிக்க முடியாது. ஆர்டர் நோட்டிலும் உடனே ஏறிவிடும்.

இன்னொன்றைப் பெண்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். குழுவில் சேர்த்தவுடன் ஒருவர் எண் எல்லார் கண்ணிலும் படுகிறது. தொடக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள், கடைக்காரர்கள், அப்பளம் இடுகிறவர்கள் எல்லாரையும் ஒரே குழுவில் போட்டிருந்தேன். ஒரு பெண்ணுக்கு இரவில் வேண்டாத அழைப்புகள் வர ஆரம்பித்தன. தப்பு என்னுடையது. அன்றைக்கே குழுவைக் கலைத்தேன். இப்போது பெண்கள் குழுவில் அவர்களும் நானும் மட்டும். இரவு ஏழு மணிக்கு மேல் அதில் நான் எதுவும் போடுவதில்லை. அடுப்படியில் நிற்கிறவரைப் போன் அழைத்துக்கொண்டே இருக்கக் கூடாது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மழை கொட்டியபோது மாவு மூட்டைகளை மேலே ஏற்ற ஆள் திரண்டது இந்தக் குழுவால்தான். ஆனால் மறுநாள் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிற பெண்களைத் தேடிப் போக வீட்டு விலாசம்கூட என்னிடம் சரியாக இல்லை. எல்லாரும் போனுக்குள் வெறும் பெயராக இருந்தார்கள். கேட்டுக் கேட்டுப் போய்ப் பார்த்தோம். இப்போது தெரு வாரியாக விலாசம் எழுதிய தாள் ஒன்று கூடத்துச் சுவரில், தராசுக்கு மேலே தொங்குகிறது. மாதம் பிறந்ததும் அதைத் திருத்தி எழுதுகிறேன்.