காதலுக்காக யாரும் சாகாத மூன்று நாவல்கள்

ஆணும் ஆணும் அல்லது பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதை என்றாலே கடைசிப் பக்கங்களில் ஒரு சாவோ, ஒரு கட்டாயக் கல்யாணமோ, குறைந்தபட்சம் ஒரு ரயில் நிலையப் பிரிவோ காத்திருக்கும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டே படித்துப் பழகியவள் நான். நல்ல கதைகள்தான் அவை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருபது முறை அழுத பிறகு இருபத்தோராவது முறையாவது இரண்டு பேர் சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரே வீட்டில் பாத்திரம் கழுவுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அப்படித்தான் குயர் காதல் நாவல்கள், அதாவது இந்த மாதிரி தன்பால் காதலைச் சொல்லும் நாவல்கள் பக்கம் வந்தேன். காதல் நாவல் என்ற வகைக்குக் கட்டாயமான விதி இரண்டுதான்: காதல் கதையின் நடுவில் இருக்க வேண்டும், முடிவு சந்தோஷமாகவோ நம்பிக்கையாகவோ இருக்க வேண்டும். முடிவு முன்பே தெரிந்துவிட்டால் படிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பயம் போய்விட்டால் கண் மற்றதையெல்லாம் பார்க்க ஆரம்பிக்கும். யார் யாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள், யார் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றதும் ரேச்சல் ரீடின் 'ஹீட்டட் ரைவல்ரி' ஞாபகம் வருகிறது. 2019 இல் வந்த கனடா நாவல், 'கேம் சேஞ்சர்ஸ்' வரிசையில் இரண்டாவது. முதல் புத்தகத்தைப் படிக்காமல் நேராக இதில் தொடங்கலாம், ஒன்றும் புரியாமல் போகாது. ஷேன் ஹாலண்டர் மான்ட்ரியல் ஐஸ் ஹாக்கி அணியின் நட்சத்திரம், ஒழுங்கானவன், சாப்பாட்டில்கூடக் கட்டுப்பாடு உள்ளவன். இல்யா ரோசனாவ் ரஷ்யாவிலிருந்து வந்தவன், பாஸ்டன் அணி, வாயைத் திறந்தாலே வம்பு. மைதானத்தில் ஜென்ம விரோதிகள் என்று ஊரே நம்புகிறது. வெளியே, ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக, யாருக்கும் தெரியாமல் ஓட்டல் அறைகளில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

இத்தனை வருஷமும் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஹாலண்டர். ரோசனாவ். விளையாட்டு வீரர்கள் பேசிக்கொள்கிற மாதிரி. அப்புறம் ஒரு நாள் இல்யாவின் வீட்டில், அவன் ஒரு சாண்ட்விச் செய்து கொடுக்கிறான். டூனா மீனும் சீஸும் வைத்துச் சூடாக்கிய சாதாரண சாண்ட்விச். இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவசரம் இல்லை, விமானம் பிடிக்க வேண்டியதில்லை. அந்தப் பகலில்தான் முதல் தடவையாக 'ஷேன்', 'இல்யா' என்று வாயில் வருகிறது. அடுத்த நிமிஷம் ஷேன் பதறிப்போய் எழுந்து கிளம்பிவிடுகிறான். அத்தனை அந்தரங்கக் காட்சிகளில் வராத பயம் ஒரு பெயரைச் சொன்னதில் வந்துவிட்டது! தமிழில் யோசித்தால் இது சட்டென்று புரியும். வருஷக்கணக்கில் 'நீங்கள்' என்று பேசிய ஒருவரிடம் தவறி 'நீ' என்று வந்துவிட்டால் இரண்டு பேருமே ஒரு நொடி நின்றுவிடுவோமே, அந்த இடம். இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம் என்பேன்.

குறையும் சொல்ல வேண்டும். முதல் பாதியில் படுக்கையறைக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன, பெரியவர்களுக்கு மட்டுமான புத்தகம் இது. காட்சிகள் இருப்பது எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் மாதங்களும் வருஷங்களும் தாவித் தாவிப் போவதால் நடுவில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது சில சமயம் விட்டுப்போகிறது. ஆட்டமும் போதவில்லை. இவ்வளவு பெரிய வீரர்கள் என்கிறோம், ஒரு மேட்ச்சையாவது முழுதாகக் காட்டியிருக்கலாம், பனியில் ஸ்கேட் கிழிக்கிற சத்தமாவது கேட்டிருக்கலாம்.

இவர்கள் ஏன் இவ்வளவு ஒளிய வேண்டும் என்று கேட்டால், அதற்கான காரணம் நாவலுக்கு வெளியே இருக்கிறது. வட அமெரிக்காவின் பெரிய ஆண்கள் ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல். ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் வீரர் லூக் புரோகாப். அது நடந்தது 2021 இல், அப்போதும் அவர் அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. நாவல் வந்த 2019 இல் அந்த அளவுக்குக்கூட யாரும் இல்லை. அதனால் ஆண்கள் ஹாக்கியை வைத்து எழுதினால் ரகசியம் தானாகவே கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுத்தாளர் அதைச் செயற்கையாகக் கொண்டுவர வேண்டியதே இல்லை.

பெண்கள் கால்பந்துக்கு வாருங்கள், கதையே வேறு. மெரில் வில்ஸ்னர் எழுதிய 'கிளீட் க்யூட்', 2023. கிரேஸுக்கு 26 வயதுதான், ஆனால் பத்து வருஷமாக அமெரிக்கத் தேசிய அணியின் நட்சத்திரம். காயம்பட்டு ஒதுங்கியிருக்கும்போது ஃபீபி என்ற 22 வயதுப் பெண் அவள் இடத்துக்கு வந்துவிடுகிறாள், அப்புறம் இருவரும் ஒரே கிளப் அணியில். இந்த நாவலில் பெண் பெண்ணைக் காதலிப்பது யாருக்கும் செய்தியே இல்லை. அது கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2019 உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் மேகன் ராபினோ அதற்குப் பல வருஷம் முன்பே வெளிப்படையாக இருந்தவர், அதே அணியில் இருந்த இரண்டு பேர் அந்த வருஷக் கடைசியில் கல்யாணமே செய்துகொண்டார்கள். ஆகவே இங்கே பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது: என் இடத்தைப் பிடித்தவளை நான் எப்படி நேசிப்பது? ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு, ஆட்டிசம் இரண்டும் கதையில் வருகின்றன, பாடம் நடத்தாமல் வருகின்றன. இதுவும் பெரியவர்களுக்கான புத்தகம்தான். நடுவில் கொஞ்சம் சுற்றிச் சுற்றி வருகிறது, இரண்டு பேரும் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசினால் தீர்ந்துவிடும் விஷயம் நூறு பக்கம் இழுக்கிறது. ஆனாலும் ஃபீபி பந்தோடு ஓடும்போது இருக்கிற சந்தோஷம் நமக்கும் ஒட்டிக்கொள்கிறது, ஒரு விளையாட்டு நாவலில் எனக்கு வேண்டியது அதுதான்.

இப்போது என் மனதுக்கு மிகவும் நெருங்கிய புத்தகம். டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜெண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்'. அவர் தொழில்முறை ஒலிப்புத்தகக் குரல் கலைஞர். 2021 நவம்பரில், ஒரு மாதத்தில் ஒரு நாவல் எழுதுவது என்ற சவாலில் எழுதி, 2022 தொடக்கத்தில் தானே வெளியிட்டார். அதே வருஷம் டோர் பதிப்பகம் எடுத்துக்கொண்டது, அப்புறம் அறிவியல் புனைவுக்கும் மாயக் கதைகளுக்கும் தருகிற ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. அட்டையிலேயே, மாயம் பெரியது, பணயம் சின்னது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். புத்தகம் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறது.

விவ் ஒரு ஆர்க் பெண், அதாவது மாயக் கதைகளில் வரும் அரக்கர் மாதிரியான இனம், மலை மாதிரி உருவம், காசுக்கு வாள் வீசிப் பல வருஷம் பிழைத்தவள். முதல் பக்கங்களில் ஒரு பூதத்தைக் கொன்று அதன் தலையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொள்கிறாள். அதோடு சரி, வாளைத் தொங்கப்போட்டுவிட்டு, காப்பி என்றால் என்னவென்றே தெரியாத தூன் என்ற நகரத்தில் பழைய குதிரை லாயம் ஒன்றை வாங்கிக் காப்பிக்கடை வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. கால் என்கிற தச்சர் பலகை அறுக்கிறார். திம்பிள் என்கிற எலி இன பேக்கர் அதிகம் பேசாமல், இலவங்கப்பட்டை மணக்கும் ரொட்டிச் சுருளைச் செய்து தெருவையே இழுத்துவிடுகிறார். தாண்ட்ரி கடைக்கு வேலைக்கு வருகிறாள். அவள் சக்யூபஸ், நம் மோகினி மாதிரியான இனம் என்று வைத்துக்கொள்ளலாம். பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளை அந்த ஒரே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். விவ் அவளிடம் கேட்பது வேலை தெரியுமா என்பதைத்தான்.

கடையில் ஒரு விலைப்பலகை இருக்கிறது. தாண்ட்ரி அதில் சாக்கட்டியால் எழுதுகிறாள். தொடக்கத்தில் இரண்டே வரி, காப்பியும் பால் சேர்த்த லாட்டேவும். திம்பிள் வந்த பிறகு ரொட்டிச் சுருள் சேர்கிறது, அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. புத்தகம் அந்தப் பலகையை ஒவ்வொரு முறையும் அப்படியே நமக்குக் காட்டுகிறது. ஒவ்வொரு புது வரிக்கும் பின்னால் கடைக்கு வந்து சேர்ந்த ஒரு ஆளோ ஒரு ஆசையோ இருக்கிறது என்பது இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. விவ்வும் தாண்ட்ரியும் காதலைச் சொல்லிக்கொள்ளவே ஏறக்குறைய முழுப் புத்தகமும் ஆகிறது, ஆனால் அந்தப் பலகையைப் பார்த்தால் எப்போதிலிருந்து என்று தெரிந்துவிடும்.

ஆர்க் என்பதற்காக விவ்வைப் பார்த்து மிரள்கிறவர்கள் இருக்கிறார்கள், சக்யூபஸ் என்பதற்காகத் தாண்ட்ரியைத் தொந்தரவு செய்கிறவன் இருக்கிறான். இரண்டு பெண்கள் என்பதைப் பற்றி மட்டும் அந்த நகரத்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்வதில்லை. முதல் தடவை இதைக் கவனித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பனி ஹாக்கி நாவலில் இரண்டு பேர் பத்து வருஷம் சுமக்கிற சுமை இந்த உலகத்தில் கிடையவே கிடையாது, அதனால் அந்த இடத்தில் காப்பி வாசனைக்கும் மர இழைப்புக்கும் நட்புக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

வில்லன்தான் பலவீனம். விவ்வின் பழைய கூட்டாளி ஒருவன் வருகிறான், ஏன் இவ்வளவு வன்மம் என்று மனதில் பதியும்படி எழுதப்படவில்லை. கடைசிப் பகுதியில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது, என்னவென்று சொல்லமாட்டேன், அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிற இடம் மட்டும் கண் கலங்க வைக்கும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், நெருக்கமான காட்சிகள் வேண்டாம் என்பவர்கள் 'லெஜெண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' எடுங்கள், அதில் முத்தத்தைத் தாண்டி ஒன்றும் இல்லை. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை கேட்டால் ஆலிஸ் ஓஸ்மேனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' படக்கதை வரிசை இருக்கிறது, அதில் ரக்பி ஆடும் நிக் வருகிறான். ஏக்கமும் சூடும் வேண்டும் என்றால் 'ஹீட்டட் ரைவல்ரி'. அது பிடித்துப்போனால் அதே ஜோடியின் கதை 2022 இல் வந்த 'தி லாங் கேம்' நாவலில் தொடர்கிறது, ஒளிந்து வாழ்வதன் விலையை அதில் இன்னும் நிதானமாகப் பார்க்கலாம்.

ஆங்கிலம் படிக்கச் சிரமம் என்றால் காப்பிக்கடைக் கதைக்கு ஒலிப்புத்தகமும் உண்டு. பால்ட்ரீயே வாசித்திருக்கிறார், திம்பிளுக்கு அவர் கொடுத்திருக்கிற கிசுகிசுப்பான குரலைக் கேட்ட பிறகு எனக்கு அச்சுப் புத்தகத்திலும் அந்தக் குரல்தான் கேட்கிறது.