மூன்றாம் தடவையும் கியர்பொக்ஸ் போனது: பிரிப்பதா, மாற்றுவதா, வானையே விற்பதா?

கனகராயன்குளம் தாண்டி ஏ9 வீதியில் வந்துகொண்டிருந்தோம். அம்மாவுக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் கிளினிக். அது முடிந்து கிளிநொச்சிக்குத் திரும்புகிற நேரம், பின்சீற்றில் பிள்ளைகள் நித்திரை. அக்சிலேற்றரை மிதித்தேன், எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது. வான் இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வீதியோரப் பாலை மரத்தின் கீழ் நின்றுவிட்டது. இது மூன்றாம் தடவை.

எங்களுடையது 1999 ஆம் ஆண்டு யப்பான் வான். எட்டு இருக்கை, டீசல், ஒட்டோ கியர். முதல் தடவை கியர்பொக்ஸைப் பிரித்து உள்ளே இருக்கும் கிளச் தட்டுகளை மாற்றினோம். அடுத்த தடவை வேறு கியர் பெட்டி வாங்கிப் போட்டோம். இரண்டுக்கும் நடுவில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் கஸ்கெட்டும் ஒருமுறை போனது. மூன்றாம் தடவை வான் நின்ற பிறகு, பரந்தனிலிருந்து வவுனியா வரை கராஜ் கராஜாகப் போய் மூன்று வாரம் விசாரித்தேன். அதில் தெரிந்துகொண்டவற்றை இதே சிக்கலில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு காட்சி. கராஜ்கார அண்ணை கியர் ஓயில் டிப் ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார். சிவப்பாக இருக்கவேண்டிய ஓயில் பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தது. "தம்பி, இது ஓயில் இல்லை, மில்க் ரீ. றேடியேற்றரைக் கழட்டாமல் நீங்கள் எத்தனை பெட்டி மாத்தினாலும் சரிவராது" என்றார்.

அவர் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பெரும்பாலான ஒட்டோ வான்களில் கியர் ஓயிலைக் குளிராக்கும் சிறு குழாய் றேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். றேடியேற்றர் அடைபட்டால் எஞ்சினும் சூடேறும், கியர்பொக்ஸும் சூடேறும். உள்ளே இருக்கும் அந்தக் குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீரும் ஓயிலும் கலந்துவிடும். கிளச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் பூச்சு தண்ணீர் பட்டால் கழன்று வந்துவிடும். சரி, றேடியேற்றர் ஏன் அடைபட்டது? நாங்கள் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியதால். வீட்டுக் கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் படிந்திருந்தது. வெளியே கிரவல் றோட்டுச் செம்புழுதி தகடுகளை மூடியிருந்தது. வைகாசியில் வற்றாப்பளைக்கும் ஆவணியில் மடுவுக்கும் எட்டுப் பேரை ஏற்றி, ஏசி போட்டு ஓடினால் அந்த றேடியேற்றர் என்ன செய்யும்?

ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் விலையை மட்டும் வைத்து நான் பார்க்கவில்லை. அது சூட்டைத் தீர்க்குமா, தீர்க்காதா என்றுதான் பார்த்தேன்.

உள்ள பெட்டியைப் பிரித்துச் செய்வது கேட்கும்போது மலிவு. தட்டு, சீல், கஸ்கெட் செற் கொழும்பிலிருந்து வரும். வேலை தெரிந்த கை கிடைத்தால் நல்ல வழிதான். ஆனால் ஒட்டோ பெட்டியில் ஓயிலை வழிமாற்றிக் கியரை மாற்றும் வால்வ் பொடி நுணுக்கமான மணிக்கூடு மாதிரி. மண் பறக்கும் முற்றத்தில் பிரித்து அடுக்கும் பொருள் அல்ல. முதல் தடவை எங்களுக்கு நடந்தது அதுதான். தட்டு புதிது, தூசி பழையது. எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டரையும் திறந்து கழுவவில்லை. அதற்குள் தேங்கியிருந்த உலோகத் துகள் திரும்பப் பெட்டிக்குள் வந்தது.

றீகண்டிஷன் பெட்டி, அதாவது யப்பானில் கழற்றிய வானிலிருந்து இறக்குமதியாகி வருவது, வன்னியில் அதிகம் பேர் போகும் வழி. இரண்டு நாளில் வேலை முடியும், வீட்டில் சண்டையும் குறையும். வாங்கும்போது பெட்டியின் குறியீட்டுத் தகட்டைப் பழையதோடு ஒப்பிடுங்கள். தோற்றம் ஒன்றாக இருந்தாலும் கியர் விகிதமும் வயர் சொக்கற்றும் மாறியிருக்கலாம். கொன்வேட்டரோடு சேர்த்தே வாங்குங்கள். ஓயிலைக் கொஞ்சம் வடித்து முகர்ந்து பாருங்கள், கருகின வாசம் வந்தால் விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், கூலர் குழாய்களைக் கழுவுவது. பழைய பெட்டி உடைந்தபோது வந்த துகள் அந்தக் குழாய்களில் உட்கார்ந்திருக்கும். நல்ல பெட்டியைப் பூட்டி முதல் ஸ்ராட் கொடுத்ததும் அது நேராக உள்ளே போகும். எங்கள் இரண்டாவது பெட்டி பதினொரு மாதம்தான் தாங்கியது. குழாயைக் கழுவச் சொல்ல எனக்கு அப்போது தெரியாது, செய்தவரும் சொல்லவில்லை. இன்றும் அந்தக் காசை நினைத்தால் நெஞ்சு எரியும்.

மனுவல் கியருக்கு மாற்றுவதை முல்லைத்தீவுப் பக்கம் நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். கிளச் தட்டு தேய்ந்தால் எந்த ஊர்க் கராஜிலும் மாற்றலாம், ஓயில் சூடேறும் கவலையும் பெரிதாக இல்லை. ஆனால் கிளச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், பிளைவீல், கியர் தடி, பல நேரம் புறப்பெல்லர் தண்டின் நீளம் என்று பட்டியல் நீளும். 'பார்க்'கிலோ 'நியூட்ரலி'லோ இருந்தால்தான் ஸ்ராட் ஆகும் என்ற வயரையும் மாற்றவேண்டும். எஞ்சினைக் கணினி ஆளும் வான் என்றால் இந்த வழிக்கே போகவேண்டாம். எங்கள் வீட்டில் வேறொரு தடை. மனைவியின் லைசன்ஸ் ஒட்டோ கியர் வாகனங்களுக்கு மட்டும். இரவில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் அவர்தான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும்.

அப்புறம் வானையே விற்று வேறொன்று வாங்குவது. 2020 இல் இறக்குமதி நின்றது. 2025 இல் திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது எங்கள் கைக்கு எட்டாது. பழைய வான்களுக்குள்தான் தேட வேண்டும்.

டொல்பின் என்று நாம் சொல்லும் பழைய ஹையேஸில் 3எல் எஞ்சின், மனுவல் கியர் கிடைத்தால் என் முதல் வாக்கு அதற்கு. 2.8 லீற்றர், டேர்போ இல்லை, கணினி இல்லை. வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஏற்றத்தில் மெதுவாகப் போகும், ஆனால் வன்னியில் ஏற்றம் எங்கே இருக்கிறது? டவுன்ஏஸ், நோவா வான்களின் 3சி டேர்போ எஞ்சின் குடும்பத்துக்கு அளவானது, ஓட்ட இனிமையானது. அதன் பலவீனம் ஹெட். அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும், ஆகவே ஒருமுறை கொதித்தாலே வெடிப்பு விழலாம். எஞ்சின் முன்சீற்றின் கீழே இருப்பதால் தண்ணீர் மாற்றும்போது காற்றுக் குமிழ் அடைபட்டு, சூடு காட்டும் ஊசி சாதாரணமாகக் காட்டும்போதே ஹெட் வேகும்.

நிசான் கரவனில் டிடி27 எஞ்சின் பழையது, சத்தமானது. டைமிங் பெல்ட்டே இல்லை, பல்சக்கரம்தான். கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். பிந்திய இசட்டி30 டேர்போ எஞ்சினின் தொடக்க வருடங்களில் பிஸ்டன் உருகின கதை உலகம் முழுக்க உண்டு. டொல்பினுக்குப் பின் வந்த கேடிஎச் ஹையேஸ் வசதியில் மற்ற எல்லாவற்றுக்கும் மேல். ஆனால் டீசலைத் தெளிக்கும் அதன் இன்ஜெக்டர்கள் 1,000 பாருக்கு, அதாவது காற்றழுத்தத்தின் ஏறத்தாழ ஆயிரம் மடங்குக்கு, மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்பவை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கானில் சேர்த்து வைத்த தண்ணீர் கலந்த டீசல் அவற்றுக்கு விஷம். 3 லீற்றர் 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டரின் செப்பு வாசர் கசிந்தால் கரி ஓயிலில் இறங்கி, ஓயில் உறிஞ்சும் வலையை அடைத்து, எஞ்சினே இறுகிவிடும். வாசரை நேரத்துக்கு மாற்றுகிறவருக்கு அது அருமையான வான். பல்சக்கரங்களுக்குப் பதிலாக இரும்புப் பட்டியால் இயங்கும் சிவிடி கியர் உள்ள பெற்றோல் வான்களை நான் தவிர்த்தேன். அதற்கென்று உள்ள ஓயிலை விட்டு வேறொன்றை ஊற்றினால் இரும்புப் பட்டி வழுக்கித் தேய்ந்துவிடும். அந்த ஓயிலுக்கு நான் ஒவ்வொரு முறையும் கொழும்பைப் பார்க்கவேண்டியிருக்கும்.

எங்கள் முடிவு எஞ்சினில், சூட்டால் அதன் ஹெட் வெடித்திருக்கிறதா என்பதில் தங்கியிருந்தது. ஹெட்டைக் கழற்றி வவுனியாவில் லேத்துக்குக் கொண்டுபோய் அழுத்தச் சோதனை செய்தோம். வெடிப்பு இருந்தால் விற்றுவிட்டு டொல்பின் தேடுவது என்று வழியில் பேசி வைத்திருந்தோம். வெடிப்பு இல்லை, சற்று வளைவுதான். சீவி எடுத்தார்கள். ஆகவே றீகண்டிஷன் பெட்டி, புது றேடியேற்றர், கியர் ஓயிலுக்கு முன்பக்கம் தனியாக ஒரு கூலர், எல்லாக் குழாய்களும் புதிது. அந்தத் தனிக் கூலர் பூட்டி, கியர் ஓயில் றேடியேற்றருக்குள் போகாமல் செய்ததால் இனித் தண்ணீரும் ஓயிலும் சந்திக்க வழியில்லை. றேடியேற்றருக்கும் கூலருக்கும் ஆன செலவு பெட்டியின் விலையில் பாதிகூட இல்லை. முதல் தடவையே யாராவது சொல்லியிருந்தால் மற்ற இரண்டு தடவையும் வந்திருக்காது.

எட்டு மாதம் ஓடிவிட்டது. போன கிழமை அம்மாவின் கிளினிக் முடிந்து வரும்போது முறிகண்டியில் நிறுத்தினோம். பிள்ளைகள் கச்சான் வாங்க ஓடினார்கள். நான் எஞ்சினை நிறுத்தாமல் டிப் ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்து மனைவியிடம் காட்டினேன். நல்ல சிவப்பு. பின்சீற்றின் கீழே இப்போது தண்ணீர்ப் போத்தல் இல்லை, ஐந்து லீற்றர் கூலன்ட் கான் இருக்கிறது.