இரண்டரை அங்குல இடது பத்தி: கார்னெல் குறிப்பு முறையுடன் நான்கு ஆண்டுகள்

அம்பாசமுத்திரத்திலிருக்கும் என் சித்தி மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். "அண்ணே, நீங்க கோடு போட்டு எழுதுவியள்லா, அப்படி எழுதுனா எனக்கும் மனசுல நிக்குமா?" என்று சென்ற வாரம் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை விரிவாக எழுதுகிறேன்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் 1950களில் வகுத்த முறை இது. ஒரே தாளைக் கோடு போட்டுப் பிரித்து, வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்கம் கேள்வி, அடியில் சுருக்கம் என்பது பலரும் அறிந்ததே. அடிக்கட்டத்தை நான் ஆறு மாதத்திலேயே கைவிட்டேன். அதனால் எந்த நட்டமும் இல்லை.

இடது பத்திதான் இன்றுவரை என்னை வாட்டுகிறது. எட்டரை அங்குல அகலத் தாளில் கேள்விக்கு இரண்டரை, குறிப்புக்கு ஆறு என்பது மூலக் கணக்கு. நம் கடைகளில் கிடைக்கும் லாங் சைஸ் நோட்டில் அந்த அகலம் இல்லை. "ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்ட இரயில் நிலையம் எது?" என்று எழுதினால் நான்கு வரி இறங்கி, அடுத்த விடைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. சுருக்கினால் வேறு தொல்லை. ஆதிச்சநல்லூர் அகழாய்வைப் படித்த அன்று "ரீ எங்கே?" என்று எழுதி வைத்தேன், இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அது அலெக்சாண்டர் ரீ என்னும் ஆய்வாளரின் பெயர் என்பதே நினைவுக்கு வரவில்லை.

ஆனாலும் இந்த முறையை விட்டுவிட என்னால் முடியவில்லை. தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படிக்கட்டில் அமர்ந்து, கிழித்த நாட்காட்டித் தாளால் வலப்பக்கத்தை மூடிக்கொண்டு, கேள்வியை மட்டும் பார்த்து "மணியாச்சி, 17 ஜூன் 1911" என்று வாய்விட்டுச் சொன்ன விடைகள் எவையும் தேர்வறையில் என்னைக் கைவிட்டதில்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது பாடத்தைத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். முதல் நாள் மாலையில் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும் மயக்கத்தில் நானும் பல மாதங்களை இழந்திருக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கோடு அச்சிட்ட கார்னெல் நோட்டை வாங்க வேண்டாம் என்றே அவளிடம் சொன்னேன். நேற்றிரவு இடம் போதாமல் மூன்று பக்கங்களைத் திரும்ப எழுதிய எரிச்சலும் அதில் சேர்ந்திருக்கலாம். சாதாரண நோட்டில் வலப்பக்கத் தாளில் குறிப்பும், அதற்கு எதிரேயுள்ள இடப்பக்கத் தாள் முழுவதும் கேள்விகளும் எழுதச் சொல்லியிருக்கிறேன். தாள் இரு மடங்கு செலவாகும். ஆனால் கேள்வியை முழு வாக்கியமாக எழுதலாம், பெயரையும் வெட்ட வேண்டியதில்லை. என் ஐந்தாவது நோட்டில் மட்டும், வழக்கம்போல், நேற்றே கோடு போட்டுவிட்டேன்.