இ.இ.இ. படிக்க இரண்டு வழி: டிப்ளமோவா, பிளஸ் டூவா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் சொந்தக்காரர்கள் யாராவது போனில் கேட்டுவிடுவார்கள். "பிள்ளைக்கு எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ், அதான் இ.இ.இ.தான் பிடிச்சிருக்கு. பாலிடெக்னிக்ல போடலாமா, பிளஸ் டூ படிக்க வைக்கலாமா?"

முதலில் வருடக் கணக்கைப் பார்த்துவிடலாம். பிளஸ் டூவுக்கு 2, பி.இ.க்கு 4. டிப்ளமோவுக்கு 3, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்தால் இன்னும் 3. எப்படிப் போனாலும் 6 வருடம், பட்டமும் ஒன்றேதான். டிப்ளமோவில் கைவேலை முதலில் வரும், பிளஸ் டூவில் கணக்கு முதலில் வரும். மற்ற வித்தியாசமெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

நல்ல பாலிடெக்னிக்கில் படித்தவர் 17 வயதிலேயே மோட்டார் டெர்மினலைக் கழற்றி, இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கும் மெக்கரை வைத்துப் பார்த்திருப்பார். டிரான்ஸ்பார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதரில் நீலமாக இருந்த சிலிக்கா ஜெல் பிங்க் ஆகியிருந்தால், ஈரம் ஏறிவிட்டது, மாற்றணும் என்று பார்த்ததுமே சொல்வார். பி.இ. முடித்துவிட்டு முதன்முதலாக சைட்டுக்கு வருபவர்கள் பலர் இதை அங்கே வந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

கணக்கின் பக்கத்துக்கு ஓர் உதாரணம். 11 கே.வி.யை 433 வோல்ட்டாக இறக்கும் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். முழு லோடில் எல்.டி. பக்கம், அதாவது 433 வோல்ட் பக்கம், சுமார் 667 ஆம்பியர். கேபிள் சைஸ் எடுக்க அது போதும். கரண்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் தரும் தடை, அதாவது இம்பீடன்ஸ், 5 சதவீதம் என்றால், டெர்மினலிலேயே ஷார்ட் ஆகும்போது பாயக்கூடியது அதைப்போல 20 மடங்கு, அதாவது 13,000 ஆம்பியருக்கு மேல். பிரேக்கர் அதைத் தாங்கி அறுத்துவிட வேண்டும். இந்த அளவு டிப்ளமோ படித்தவருக்கும் தெரியும். ஆனால் 110 கே.வி. சப்ஸ்டேஷனிலிருந்து கடைசி மோட்டார் வரை ஃபால்ட்டைக் கண்டுபிடித்து பிரேக்கரை அணைக்கச் சொல்லும் ரிலேக்களில் எது எவ்வளவு நேரத்தில் டிரிப் ஆகணும், ஃபால்ட் விழுந்த முதல் சில சைக்கிளில் கரண்ட் எப்படி ஏறி இறங்கும் என்று இறங்கினால் மேட்ரிக்ஸ், வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ் உருமாற்றம் எல்லாம் வேண்டும். டிசைன் வேலை அங்கேதான் இருக்கிறது.

லேட்டரல் என்ட்ரியில் வருபவர்களுக்கு இடிக்கும் இடமும் அதுதான். முதல் வருடக் கணக்கைத் தாண்டி நேராக மூன்றாம் செமஸ்டரில் உட்கார்கிறார்கள். மெஷின் லேபில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை கணக்கில் அரியர் வைத்துவிடும். அதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும்.

வேலை என்றால், டிப்ளமோ முடித்து 18 வயதிலேயே சம்பாதிக்கத் தொடங்கலாம். மின்வாரியத்தில் தொழில்நுட்ப உதவியாளர், ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுகளை எழுதலாம். உதவிப் பொறியாளர் பதவிக்கும், மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வுக்கும் டிகிரி வேண்டும்.

பணக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த இடங்களுக்கான கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாவதோடு பாலிடெக்னிக் போனால் அது கைவிட்டுப் போகும். அரசுப் பள்ளியில் கணக்கு நன்றாகப் போடுகிற பிள்ளையை நான் யோசிக்காமல் பிளஸ் டூவுக்குத்தான் அனுப்புவேன்.

வீட்டுக்குச் சீக்கிரம் ஒரு வருமானம் வேண்டும், பிள்ளையும் மிக்ஸியைக் கழற்றிப் பார்த்தே தீரும் ரகம் என்றால் டிப்ளமோ சரியான வழி. பிறகு பி.இ. எண்ணம் இருந்தால் கடைசி செமஸ்டர் முடிந்த லீவிலேயே நுண்கணிதத்தையும் கலப்பெண்களையும் ஆரம்பித்துவிடச் சொல்லுங்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகமே அதற்குப் போதும்.