ஜன்னல் கதவின் அடி இற்றுப்போனால்: எப்பாக்சியா, ஒட்டுமரமா, புதுக் கதவா?

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கத்துக் கடைவீடுகளில் மாடி ஜன்னல் கதவுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் கெடும். நிமிர்ந்த சட்டத்தின் அடிமுனையில், கீழ்க் குறுக்குச் சட்டத்தின் கழுந்து (துளைக்குள் நுழையும் மெலிந்த முனை) சொருகும் மூலையில். குறுக்கே அறுபட்ட முனை தண்ணீரை உறிஞ்சும். கழுந்துத் துளை அதை வெளியே விடாது. மேலே நாலு கோட்டிங் பெயிண்ட் இருந்தால் ஈரம் காய வழியே இல்லை.

எதைச் செய்வதென்று தீர்மானிக்கும் முன் ஒரு குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். ஐந்து பத்து மி.மீ. இறங்கிக் கெட்டி மரத்தில் நின்றால் எப்பாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் செயற்கைப் பசை) போதும். ஊசி தடையில்லாமல் போனால் அது எப்பாக்சி வேலை அல்ல, விற்பவர் என்ன சொன்னாலும்.

எப்பாக்சியின் கவர்ச்சி புரிகிறது. கதவைக் கழற்றாமல் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இறுகிய எப்பாக்சி அதோடு அசையாது. ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும், தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வராது. வெளியே வழுவழுப்பாக இருக்கும், உள்ளே கூழாகிக்கொண்டிருக்கும். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியில் 18 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் டின்னைத் திறக்கவே வேண்டாம். நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள்: கலந்த பிறகு இறுகுமுன் கிடைக்கும் நேரம் என்று டின்னில் போட்டிருப்பது பெரும்பாலும் 25 டிகிரிக்கானது. பத்து டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் பரப்புங்கள். கப்பில் குவித்து வைத்தால் தானே சூடேறிப் புகையும்.

ஆழமாக இற்றிருந்தால் எங்கள் ஓட்டு ஒட்டுமரத்துக்குத்தான், அதாவது இற்ற முனையை அறுத்தெடுத்துப் புது மரத்தை ஒட்டுவது. வேலை அதிகம், ஆனால் மிச்சமிருக்கும் பழைய மரம் அப்படியே நிற்கும். கதவைக் கழற்றி, பட்டைகளுக்கு (நடுவே சாய்வாக அடுக்கிய மெல்லிய பலகைகள்) வரிசை எண் போடுங்கள். சட்டத்துக்குள் மறையும் முனையில் எழுதினால் பெயிண்டில் அழியாது. இற்ற இடத்தைத் தாண்டி நல்ல மரத்துக்குள் 50 மி.மீ. போய் அறுங்கள். வெட்டு நேராக இல்லாமல் சாய்வாக இருக்கட்டும், நீளம் கனத்தைப்போல் குறைந்தது நாலு மடங்கு: 45 மி.மீ. சட்டத்துக்கு 180 மி.மீ. சாய்வின் திசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய மரம் வெளிப்பக்கத்தில் கீழே இறங்கி, புது மரத்தை மூடி நிற்க வேண்டும். அப்போது வழியும் மழைநீர் இணைப்புக்குள் புக மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கும். திருப்பி வெட்டினால் நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி.

ஒட்டுக்கு எந்த மரம்? செங்கால் (chengal) என்ற மலேசியக் கடின மரம்தான் முதல் தேர்வு: கனம், உறுதி, கரையானுக்கும் லேசில் பணியாது. ஆனால் காய மாதக்கணக்காகும். பலகைக்கடையில் 'காய்ந்தது' என்று தருவதையும் ஈரமானி வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இடித்த வீட்டின் பழைய செங்கால் கிடைத்தால் அதுவே மேல், ஏற்கெனவே காய்ந்திருக்கும். இழைக்கும் முன் காந்தத்தால் தடவி ஆணிகளைத் தேடுங்கள். மெர்பாவும் தாங்கும், ஆனால் மழையில் பழுப்புச் சாயம் விட்டுச் சுண்ணாம்புச் சுவரைக் கறையாக்கும்; எல்லாப் பக்கமும் பிரைமர் பூசிய பிறகே மாட்டலாம். மெராந்தி மலிவு, உளிக்கு இணங்கும். மழை படாத உள்வேலைக்குச் சரி, வெளியடிமுனைக்கு வேண்டாம். எந்த மரமானாலும் வெளிறு (வெளிப்பக்க இளமரம்) தள்ளி வைரம் (நடு முற்றிய மரம்) மட்டும் எடுங்கள், நார் ஓட்டம் பழைய சட்டத்தோடு ஒத்துப்போகட்டும்.

செங்காலில் பிசின் உண்டு, பசை லேசில் பிடிக்காது. இழைத்த அன்றே அசிட்டோனில் துடைத்து ஒட்டுங்கள். முதலில் எப்பாக்சியை நீர்க்கத் தடவி ஊற விட்டு, பிறகு கெட்டியாக்கியதைப் பூசுங்கள். கிளாம்பை முறுக்கித் தள்ளினால் பசையெல்லாம் பிதுங்கி இணைப்பு வறண்டுவிடும். சாய்வெட்டு கிளாம்பில் வழுக்கும் என்பதால், நேர்ச் சட்டம் ஒன்றை ஒட்டினாற்போல் வைத்து (நடுவே பிளாஸ்டிக் தாள் மறக்காமல்) கட்டுங்கள். வெள்ளைப் பசை வெளிவேலைக்கு ஆகாது.

புது மரத்தில் கழுந்துத் துளையின் அகலம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15 மி.மீ. பித்தளைத் திருகாணி செங்காலில் ஒடியும்: முன்துளை போட்டு, அதே அளவு எஃகுத் திருகாணியை ஒருமுறை ஏற்றி எடுத்து, பிறகு சோப்பு தடவிய பித்தளையை முடுக்குங்கள். சாதா இரும்பு ஈர மரத்தில் கறுத்துக் கசியும்.

புதுக் கதவை எப்போது யோசிக்கலாம்? இரண்டு நிமிர்ந்த சட்டங்களும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய், பட்டைகளும் பாதி உடைந்திருந்தால். அதற்குமுன் செய்தால் நல்ல பழைய மரத்தைத் தூக்கி எறிகிறீர்கள். ரெடிமேட் கதவுகளில் பட்டைகள் மெலிந்து, எண்ணிக்கை குறைந்து, அசையாமல் அறைந்திருக்கும்; தெருவிலிருந்தே வித்தியாசம் தெரியும். ஆசாரியிடம் பழைய கதவு ஒன்றை மாதிரிக்குக் கொடுங்கள், பட்டை எண்ணிக்கை, சாய்வு, பட்டைகளைத் திறந்து மூடும் தூக்குக் கம்பி எல்லாம் அதன்படி. லிட்டில் இந்தியா இருக்கும் ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் வீடு இருந்தால், கதவை மாற்றும் முன் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள், நெருப்பு காட்ட வேண்டாம்.

எந்த வழியானாலும் அடிமுனையை நீர்த்த எப்பாக்சியால் இரண்டு தடவை ஊற வைத்து மூடுங்கள். எப்பாக்சிக்கு ஏற்ற வேலை இதுதான். பிறகு பெயிண்ட், ஏனென்றால் வெயில் எப்பாக்சியைக் கெடுக்கும். மாட்டும்போது ஜன்னல் படிக்கும் கதவுக்கும் 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். வேலையை மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் வைத்தால் ஈரமானி சொன்னபடி கேட்கும். செப்டம்பர், அக்டோபரில் ஆரம்பித்தால் கதவு காயவே காத்திருக்க வேண்டியதுதான்.